தெரிந்த வேலைதானே!

விமானப் பராமரிப்பில் இருக்கிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது, "இன்ஜின் எல்லாம் கழட்டுவீங்களா?" என்றுதான். கழற்றுவோம். ஆனால் இன்ஜின் மாற்றுகிற வேலையில் எனக்குப் பெரிய பயம் கிடையாது. அங்கே ஆள் நிறைய இருப்பார்கள், மேனுவல் திறந்தே இருக்கும், ஒவ்வொரு படிக்கும் ஒரு கையெழுத்து, அதற்கு மேல் சரிபார்க்க இன்னொருவர். இரவு இரண்டு மணிக்கு, விடிகாலை கிளம்பப்போகும் விமானத்தில், ஒற்றை ஆளாகப் பத்து நிமிடத்தில் முடிக்கிற வேலை இருக்கிறதே, அங்கேதான் நான் ஒரு நிமிடம் கூடுதலாக நிற்பேன். 'இது தெரிந்த வேலைதானே' என்று மனசு சொல்கிற இடம் அது.

சென்னையில் முதலில் ஹேங்கர், பிறகு லைன். ஹேங்கர் என்றால் விமானத்தை நாள்கணக்கில் நிறுத்திப் பிரித்துப் பார்க்கும் இடம். லைன் என்றால் வந்து நிற்கும் விமானத்தை அடுத்த பயணத்துக்குத் தயார் செய்து அனுப்புவது. இரண்டிலும் இருந்ததால் சொல்கிறேன்: மனிதத் தவறுகள் எப்படி நடக்கின்றன என்று சொல்லித்தர எங்களுக்குக் கட்டாயமாக நடக்கும் ஹியூமன் ஃபேக்டர்ஸ் வகுப்பில் காட்டும் விபத்துகளில் அதிகம் வருவது சிக்கலான வேலைகள் அல்ல. திருகாணி, ரப்பர் வளையம், கிரீஸ், ஒட்டிய டேப். அவ்வளவுதான்.

ரப்பர் வளையத்திலிருந்தே தொடங்குகிறேன். இன்ஜின் ஆயில் ஓடும் பாதையில் சிப் டிடெக்டர் என்று ஒரு காந்த முனை இருக்கும். உள்ளே பேரிங்கோ கியரோ தேய்ந்தால் உதிரும் இரும்புத்துகள் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். அதைக் கழற்றியவுடன் துணியால் துடைத்துவிடக் கூடாது. முதலில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சவரம் செய்த பிளேடில் ஒட்டியிருப்பதைப் போல மெல்லிய கறுப்புத் தூள் மட்டும் இருந்தால் பெரும்பாலும் சாதாரணத் தேய்மானம். வெளிச்சத்தில் மினுக்கும் செதில் ஒன்று தெரிந்தாலும் அந்த இன்ஜினை விசாரிக்காமல் விட முடியாது. பார்த்து முடித்ததும் பழைய ஓ-ரிங்கை எடுத்துவிட்டு, புதியதை இன்ஜின் ஆயிலில் தடவி, முறுக்கு விழாமல் பள்ளத்தில் உட்கார வைத்து மாட்ட வேண்டும். சுண்டுவிரலில் போட்டுக்கொள்ளக்கூடிய ரப்பர் வளையம். அது இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு விமானமே சாட்சி.

1983 மே 5. மயாமியிலிருந்து பஹாமாஸில் உள்ள நசாவுக்குக் கிளம்பிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 855ஆம் விமானம். லாக்ஹீட் டிரைஸ்டார், மூன்று இன்ஜின், உள்ளே 172 பேர். நடு இன்ஜினில் ஆயில் பிரஷர் விழுந்தது. அதை நிறுத்திவிட்டு மயாமிக்கே திரும்பினார்கள். வழியில் மற்ற இரண்டு இன்ஜின்களின் ஆயில் மீட்டரும் இறங்கியது. மூன்றிலும் ஒரே சமயத்தில் ஆயில் காலியாகுமா, மீட்டர்தான் கெட்டிருக்கும் என்று விமானிகள் முதலில் நினைத்தார்கள்; யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த இரண்டும் நின்றுபோயின. கீழே கடல். பயணிகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டச் சொல்லி, தண்ணீரில் இறங்குவதற்குத் தயார் செய்தார்கள். ஏறக்குறைய 4,000 அடி உயரத்தில், முதலில் நிறுத்திவைத்த நடு இன்ஜின் மறுபடி பிடித்துக்கொண்டது. அந்த ஒற்றை இன்ஜினில் மயாமி வந்து சேர்ந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை.

முந்தைய இரவில் மூன்று இன்ஜின்களிலும் சிப் டிடெக்டர் மாற்றியிருந்தார்கள். மூன்றிலும் ஓ-ரிங் இல்லை. எப்படி? வழக்கமாக அந்த மெக்கானிக்குகளுக்கு ஃபோர்மேன் அலமாரியில் ஓ-ரிங் மாட்டியே தயாராக வைத்திருப்பார்கள். அன்று அலமாரி காலி. ஸ்டோர்ஸிலிருந்து எடுத்து வந்த டிடெக்டரில் 'பயன்படுத்தலாம்' என்ற டேக் தொங்கியது. வளையமும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். இருட்டில், கைக்கு மட்டும் எட்டும் இடத்தில் மாட்டினார்கள். புதிய ஓ-ரிங் போட வேண்டும் என்று வேலைத்தாளில் எழுதியே இருந்தது, கையெழுத்தும் போடப்பட்டது. ஸ்டார்ட்டரால் சில விநாடிகள் சுற்றிவிட்டுக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தார்கள். அந்தச் சில விநாடிகளில் எதுவும் கசியவில்லை. இதில் எனக்கு அதிகம் உறுத்துவது, இதே ஓ-ரிங் பிரச்சினை அந்த நிறுவனத்தில் அதற்கு முன்பே பலமுறை வந்திருந்தது என்பதுதான்.

இன்று கடல் தாண்டிப் பறக்கும் இரட்டை இன்ஜின் விமானங்களுக்கு ஈடாப்ஸ் விதிகள் உண்டு. அவற்றின்படி இரண்டு இன்ஜினிலும் ஒரே வேலையை ஒரே ஆள் ஒரே இரவில் செய்வதைத் தவிர்க்க வேண்டும். வேறு வழியில்லையென்றால் தனியாக ஒருவர் சரிபார்க்க வேண்டும். ஆள் பற்றாக்குறை நாளில் இது பெரிய தலைவலி, முணுமுணுக்காத மெக்கானிக் கிடையாது. ஆனால் ஒரே கை ஒரே தவறை இரண்டு பக்கமும் செய்துவிட்டால் நடுவானில் மிச்சம் எதுவும் இருக்காது. ஈடாப்ஸ் கணக்கில் வராத விமானமாக இருந்தாலும், முடிந்தவரை ஆளைப் பிரித்துத்தான் வேலை கொடுப்பேன்.

ஹேங்கரில் நான் புதிதாகச் சேர்ந்தபோது ஸ்டோர்ஸில் ஒரு அண்ணன் இருந்தார். யாராவது ஒரு பழைய போல்ட்டைக் கையில் கொண்டுபோய், "அண்ணே, இதே மாதிரி நாலு குடுங்க" என்றால் அதை வாங்கிக்கூடப் பார்க்க மாட்டார். "சாம்பிள் காட்டாதே தம்பி, பார்ட் நம்பர் சொல்லு" என்பார். கம்ப்யூட்டரில் பாகப் பட்டியலைத் திறந்து, விமானத்தின் வரிசை எண்ணுக்குப் பொருந்துகிற நம்பரை எடுத்து வருவதற்குள் இருபது நிமிடம் ஓடிவிடும். மேலே ஏணியில் நிற்பவன் கத்துவான். அவரைப் பிடிவாதக்காரர் என்று எல்லோரும் திட்டினோம். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "பழசு சரியான போல்ட்டுன்னு உனக்கு யார் சொன்னா?"

பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 பற்றிப் படித்த பிறகுதான் அந்தக் கேள்வியின் கனம் புரிந்தது. 1990 ஜூன் 10, பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலகாவுக்குப் போன பிஏசி ஒன்-லெவன் விமானம். 17,300 அடியில் கேப்டன் பக்கத்து முன்கண்ணாடி அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் டிம் லங்காஸ்டர் இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். விமானப் பணியாளர்கள் மாறிமாறி அவர் காலைப் பிடித்துக்கொண்டிருக்க, துணைவிமானி அலஸ்டேர் அட்சிசன் சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்தார். பயணிகள் எல்லோரும் நலம்.

27 மணி நேரத்துக்கு முன்புதான் அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டிருந்தது. மாற்றியவர் கற்றுக்குட்டி இல்லை. அந்த இரவின் ஷிஃப்ட் மேனேஜரே இறங்கிச் செய்தார், ஆள் குறைவு. பழைய போல்ட்டை வைத்துக்கொண்டு, வெளிச்சம் போதாத ஓர் இடத்தில் பார்ட்ஸ் தட்டுகளிலிருந்து கண்ணால் ஒப்பிட்டு எடுத்தார். 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகளின் விட்டம் 0.026 அங்குலம் குறைவு. மில்லிமீட்டரில் ஒன்றைக்கூட எட்டாத வித்தியாசம். மீதி ஆறும் நீளத்தில் 0.1 அங்குலம் குறைவு. வேடிக்கை என்னவென்றால், அவர் கழற்றிய பழைய போல்ட்டுகளே சரியான நம்பர் கிடையாது, அவையும் குட்டை. ஸ்டோர்ஸில் இருந்தவர் சரியான நம்பரைச் சொல்லியும் இருந்தார். 'பழசு ஓடிச்சே, அதே போதும்' என்று முடிவெடுத்தார் மேனேஜர். இறுக்கும்போது, வேண்டிய இறுக்கம் வந்ததும் டார்க் ஸ்க்ரூடிரைவர் 'க்ளிக்' என்று சொல்லும் அல்லவா? மெல்லிய போல்ட்டின் மரை நட்டுக்குள் வழுக்கியதை அந்த க்ளிக் என்று எடுத்துக்கொண்டார். அனுபவம் உள்ள கைக்குத்தான் இப்படி ஏமாறத் தெரியும். புதிதாக வந்த பையன் மேனுவலைப் பார்த்திருப்பான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தமிழ் வழியில் படித்துவிட்டு இந்த வேலைக்கு வரும் பையன்கள் ஆங்கில மேனுவலை நினைத்து மிரளுகிறார்கள். மிரள வேண்டாம். இந்த மேனுவல்கள் குறிப்பிட்ட சொற்களை மட்டும் வைத்து, சின்னச் சின்ன வாக்கியங்களாக, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்காகவே எழுதப்படுபவை. மெதுவாக, வரி வரியாக விரல் வைத்துப் படிக்கிறவனை நான் நம்புவேன். சரளமாகப் பேசிக்கொண்டே பக்கத்தைத் தள்ளுகிறவன்மேல்தான் ஒரு கண் வைத்திருப்பேன்.

அடுத்தது ஷிஃப்ட் மாறுகிற நேரம். பாதியில் நிற்கும் வேலையைப் போல ஆபத்தானது எங்கள் தொழிலில் கிடையாது. 1991 செப்டம்பர் 11, டெக்சஸில் ஈகிள் லேக் அருகே கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் 2574 நடுவானில் சிதறி 14 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய இரவு, வால் இறக்கையின் முன் விளிம்பில் பனி நீக்கும் ரப்பர் உறையை மாற்றும் வேலை நடந்தது. கைகொடுக்கலாம் என்று ஓர் இன்ஸ்பெக்டர் மேலே ஏறி இடது பக்க மேல் திருகாணிகளையும் கழற்றிவிட்டார். ஷிஃப்ட் முடிந்தது. அடுத்து வந்தவர்கள் வலது பக்க வேலையை மட்டும் முடித்து விமானத்தை அனுப்பினார்கள். இடது பக்கம் 47 திருகாணிகள் இல்லாமலே அது கிளம்பியது. கீழ் வரிசை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. காலையில் முதல் பயணம் நன்றாகவே போனது என்பதுதான் கொடுமை. திரும்பும் பயணத்தில்தான் பிய்ந்தது. மேல் திருகாணிகள் தரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. கழற்றியது வேலைத்தாளில் ஏறவில்லை.

அதனால் நான் கடைப்பிடிப்பது இது. ஒரு திருகாணியைத் தொட்டாலும் முதலில் தாளில் ஒரு வரி, அப்புறம்தான் ஸ்பேனர். கழற்றியதை எல்லாம் ஒரு பையில் போட்டு, எந்த இடத்தினுடையது என்று எழுதி, அந்த இடத்திலேயே கட்டித் தொங்கவிடுவேன். சட்டைப்பையில் திருகாணி போடுகிறவனோடு எனக்கு ஒத்துவராது. அடுத்த ஷிஃப்ட் ஆளிடம் டீ குடித்துக்கொண்டே சொல்லி அனுப்புவதில்லை. விமானத்துக்கே கூட்டிப்போய், தொட்டுக் காட்டி, "இதுவரை முடிந்தது, இது பாக்கி" என்று சொல்லி, அவர் கையெழுத்தை வாங்குவேன். வேலைக்கு நடுவே போன் வந்தால் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடராமல், மூன்று படி பின்னால் போய்த் தொடங்குவேன். இந்த மூன்று படிக் கணக்கு வகுப்பில் சொல்லித் தருவதுதான், ஆனால் செய்கிறவர்கள் குறைவு.

கருவி எண்ணிக்கையும் இதோடு சேர்ந்ததே. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே பள்ளம் வெட்டிய தட்டு வைத்திருப்போம். எது இல்லையென்று ஒரே பார்வையில் தெரியும். ஒரு மழை இரவில் வேலை முடிந்து பெட்டியை மூடப்போனால் பத்து எம்எம் சாக்கெட்டின் பள்ளம் காலியாக இருந்தது. ஷிஃப்ட் இன்சார்ஜ் சார் விமானத்தை விட மறுத்துவிட்டார். மூடிய பேனல்களை எல்லாம் மறுபடி திறந்தோம். இன்ஜின் கவுலிங், வீல் வெல், ஏணிக்கடி, குப்பைத்தொட்டி என்று தேடினோம். கன்ட்ரோல் ரூமிலிருந்து போன்மேல் போன். "சார், நீங்க வேணா வந்து கையெழுத்துப் போட்டு அனுப்புங்க" என்று இன்சார்ஜ் சொன்னதும் போன் அடங்கியது. கடைசியில் ஒரு டிரெய்னி பையனின் மழைக்கோட்டு மடிப்பிலிருந்து விழுந்தது. அவனுக்கு முகம் செத்துவிட்டது. இன்சார்ஜ் ஒரு வார்த்தை திட்டவில்லை. "தேடும்போதே கோட்டை உதறினியே, நல்லது, போய் டீ குடி" என்றார். அன்று அவனைக் கிழித்திருந்தால் அடுத்தமுறை ஒரு கருவி தொலைந்தால் அவன் வாயே திறக்க மாட்டான். விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதம். மேலிடத்துக்கு விளக்கக் கடிதம் போனது. சரி, போகட்டும்.

கிரீஸுக்கு வருகிறேன். கேவலமாகப் பார்க்கப்படும் வேலை அது; புதுப்பையன் தலையில் கட்டுவார்கள். 2000 ஜனவரி 31, அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261, எம்டி-83 விமானம், மெக்சிகோவின் புவெர்ட்டோ வயார்ட்டாவிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வழியாக சியாட்டிலுக்கு. கலிபோர்னியக் கரையோரம் பசிபிக் கடலில் விழுந்து 88 பேரும் இறந்தார்கள். வாலின் படுக்கை இறக்கையை மேலும் கீழும் நகர்த்தும் நீண்ட எஃகு ஸ்க்ரூ ஒன்று உண்டு, ஜாக்ஸ்க்ரூ என்போம். அது வெண்கலக் கலவை நட்டுக்குள் சுழலும். நட்டின் மரை முழுக்கத் தேய்ந்து அறுந்துவிட்டது. ஸ்க்ரூ வேலை செய்த பகுதியில் உயவு கொடுக்கும் நிலையில் கிரீஸே இல்லை என்பது விசாரணையில் தெரிந்தது.

ஏன் என்று பார்த்தால், ஒரே ஆளின் தவறு இல்லை. 1987இல் 500 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை கிரீஸ் போட்டுக்கொண்டிருந்த நிறுவனம், படிப்படியாக 1,000, 1,600 என்று நீட்டி, 1996இல் எட்டு மாதத்துக்கு ஒருமுறை என்று ஆக்கியது. ஒவ்வொரு நீட்டிப்புக்கும் ஒப்புதல் இருந்தது. தேய்மானத்தை அளக்கும் சோதனையின் இடைவெளியும் கூடவே நீண்டது. 1997இல் அந்த விமானத்தில் அளந்தபோது ஆட்டம் 0.040 அங்குலம், அனுமதித்த எல்லையிலேயே நின்றது. நட்டை மாற்ற வேண்டும் என்று குறித்தார் ஒருவர். அடுத்து வந்தவர்கள் மறுபடி அளந்தார்கள்; 0.033 வந்தது, விமானம் போனது. அதற்குப் பிறகு அந்த ஜாக்ஸ்க்ரூ அளக்கப்படவே இல்லை. கடைசியாகக் கிரீஸ் போட்டவர், அந்த வேலைக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும் என்று விசாரணையில் சொன்னார். தயாரிப்பாளரின் கணக்கில் அது நான்கு மணி நேர வேலை.

மூன்று மணி நேரம் எங்கே போனது என்று கிரீஸ் கன் பிடித்தவனுக்குத் தெரியும். கை நுழையவே சிரமமான பேனல். கிரீஸ் உள்ளே போகும் முனையான நிப்பிளில் கன்னை வைத்து அழுத்தினால் உள்ளே போகிற மாதிரியே இருக்கும். பாதை அடைத்திருந்தால் பக்கவாட்டில் பிதுங்கி வழிவதையும் 'போய்விட்டது' என்று நினைக்கத் தோன்றும். பழைய கறுப்புக் கிரீஸ் மறுபுறம் வெளியேறி, அதன் பின்னால் புதிய நிறம் எட்டிப் பார்க்கும்வரை அழுத்த வேண்டும். பிறகு துடைத்து, ஸ்க்ரூவின் முழு நீளத்துக்கும் கையால் தடவி, மேலும் கீழும் ஓட்டி, மறுபடி தடவ வேண்டும். என்னோடு வேலை செய்யும் பையன்களிடம், "போட்டாச்சா?" என்று கேட்பதில்லை. "என்ன நிறத்துல வெளியே வந்துச்சு?" என்று கேட்பேன். போடாதவனுக்குப் பதில் வராது.

எல்லாப் பழியும் பராமரிப்பின் மேல் இல்லை. 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய குவான்டாஸ் 32, ஏ380 விமானத்தில், இன்ஜின் டிஸ்க் வெடித்ததற்குக் காரணம் தயாரிப்பின்போதே தவறாகக் குடையப்பட்ட ஓர் ஆயில் குழாய். எங்களைப் போன்றவர்கள் வெளியிலிருந்து அதைக் கண்டிருக்கவே முடியாது. அன்று 469 பேரும் பத்திரமாக இறங்கினார்கள்.

டேப் கதை சின்னது, ஆனால் மறக்க முடியாதது. 1996 அக்டோபர் 2, லிமாவில் ஏரோபெரு 603. விமானத்தைக் கழுவும்போது, உயரத்தையும் வேகத்தையும் காட்ட உதவும் ஸ்டேட்டிக் துளைகளில் தண்ணீர் போகாமலிருக்க டேப் ஒட்டினார்கள். பிறகு எடுக்கவில்லை. வெள்ளி நிற உடலில் வெள்ளி நிற டேப், இருட்டு வேறு. விமானிகளுக்கு உயர மீட்டரும் வேக மீட்டரும் உண்மை சொல்லவில்லை. 70 பேர் இறந்தார்கள். அந்தத் துளைகளுக்கு நீளமான சிவப்பு நாடா தொங்கும் மூடிதான் போட வேண்டும் என்று நாங்கள் அடம்பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

இனி பயணிகளுக்குக் கொஞ்சம். "டெக்னிக்கல் பிரச்சினை, தாமதம்" என்ற அறிவிப்பு வரும்போது கவுன்டரில் இருக்கும் பெண்ணிடம் கத்துவதால் ஸ்பேனர் வேகமாகத் திரும்பாது. ஏதாவது ஒன்று பழுதாக இருந்தாலே விமானம் பறக்கக் கூடாது என்பதும் இல்லை. எது பழுதோடு எத்தனை நாள் போகலாம், என்ன நிபந்தனையில் போகலாம் என்று எம்இஎல் என்ற பட்டியல் இருக்கிறது. சில பழுதுகளுக்கு 3 நாள், சிலவற்றுக்கு 10 நாள், அற்பமானவற்றுக்கு 120 நாள். வாலில் இருக்கும் ஏபியூ என்ற சின்ன இன்ஜின் வேலை செய்யாவிட்டால் தரையில் ஏசி சரியாக வராமல் வேர்த்துக் கொட்டும். பெரிய இன்ஜின் ஓடத் தொடங்கியதும் சரியாகிவிடும். வேர்த்தால் ஆபத்து என்று அர்த்தமில்லை. பட்டியல் அனுமதித்தாலும் கேப்டன் மறுக்கலாம், அது அவர் உரிமை. இறக்கையில் வெள்ளி டேப்பைப் பார்த்துப் படம் எடுத்துப் போடுகிறீர்களே, அது பெரும்பாலும் மேனுவலே அனுமதிக்கும் அலுமினிய ஸ்பீட் டேப்.

ஆனால் சந்தேகமாக எதையாவது பார்த்தால் பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா 243இன் மேற்கூரை நடுவானில் பிய்ந்துபோனது. ஒரு பணிப்பெண் உயிரிழந்தார். 89,680 முறை பறந்து களைத்த உடல் அது. ஏறும்போதே கதவருகே விரிசலைப் பார்த்த பயணி ஒருவர் இருந்தார். அவர் யாரிடமும் சொல்லவில்லை.

விசா நேர்காணலோ கல்யாணமோ இருந்தால் அந்த நாளின் கடைசி விமானத்தை நம்பிப் போகாதீர்கள். அது நின்றால் மாற்று கிடைப்பது கஷ்டம். முதல் விமானத்தை நம்பலாம். இரவே பார்த்து வைத்திருப்போம், முந்தைய பயணங்களின் தாமதமும் சேராது. இந்தியாவில் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கும் உரிமை விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் விதியில் இருக்கிறது. கவுன்டரில் அதைக் கேளுங்கள், குரலை உயர்த்தாமல். நாங்கள் அந்த நேரத்தில் பேனலைத் திறந்துகொண்டிருப்போம்.